விளக்கு வைப்பதற்கு முன்

ஜெயபாலனை நாகம் கடித்தபோது மாலை மணி ஐந்து இருபது. அவன் செத்தால் அதற்கு நான்தான் பொறுப்பு என்பது ஐந்து இருபத்தைந்துக்கெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. பாம்பை நான் வளர்க்கவில்லை. ஆனால் அது கடித்த பிறகு அவன் என்ன செய்வான் என்பதை முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஈப்போ நகரத்துக்குப் பக்கத்தில், லகாட்டைத் தாண்டி உள்ளே போனால் சுங்கை லாடா ரப்பர் தோட்டம். இப்போது அங்கே தோட்டமில்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், சனங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்குப் போனார்கள். முனியாண்டி கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்ட புல்டோசர் மூன்று நாள் தானாகப் பின்னோக்கி ஓடியது என்று நான் பரப்பியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் கூடி அங்கே புல் வெட்டுவோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவேன். அதுவும் ஒரு வேலைதான்.

கோயிலுக்குப் பின்னால் பழைய செங்கல் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதில் இறங்கி நின்று புல்லை இழுத்துக்கொண்டிருந்த ஜெயபாலன், "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டான். அவன் மனைவி புஷ்பலதா ஓடிப்போய்ப் பார்த்தாள். அலறுவதற்கு முன்னால் கைப்பேசியை எடுத்துப் பாம்பைப் படம் பிடித்தாள். அன்று மாலை எங்களில் யாராவது செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். படத்தைத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் தன் தங்கை தினேஸ்வரிக்கு அனுப்பினாள். பிறகு அலறினாள்.

தினேஸ்வரி உடனே கூப்பிட்டாள். ஜெயபாலனைக் கோயில் கொட்டகையில் படுக்க வைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவன் தலைமாட்டில் வைத்தார்கள்.

"அக்கா, இது நாகம் லா. காலை அசைக்க விடாத. கார்ல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே."

"வேணாம்," என்றான் ஜெயபாலன். "சன்னாசி அண்ணன் எல கொண்டாரப் போயிருக்காரு. ஊசி குத்தினா எல முறிஞ்சிரும்."

எனக்கு நாற்காலி சூடாகிவிட்டது.

ஊசி குத்தினால் பச்சிலை முறிந்துவிடும் என்பதைச் சொன்னவன் நான். சன்னாசியின் பச்சிலை பாம்பு விஷத்தை இறக்கும் என்று சொன்னவனும் நான்தான். என் வலது காலில், குதிகாலுக்கு மேலே, அரை அங்குல இடைவெளியில் இரண்டு புள்ளித் தழும்புகள் இருக்கின்றன. என் வாயிலிருந்து வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொய் என்று சுங்கை லாடாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளக்காலத்தில் எருமை மேல் ஏறிப் பாரிட் புந்தார் வரை நீந்திப்போய்ச் சேர்ந்தேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் நூறாவது கதைக்கு மட்டும் யாரும் சிரித்ததில்லை. காலைத் தூக்கிக் காட்டுவேன். தழும்பு இருக்கும். தழும்பு பொய் சொல்லாதே.

நடந்தது இதுதான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. முந்தின நாள் கல்யாண வீட்டில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. விடியற்காலையில் பால்மர நிரையில் நடக்கும்போது, மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைக் கட்டும் துருப்பிடித்த கம்பியை மிதித்துவிட்டேன். அது வளைந்து இரண்டு இடத்தில் குத்தியது. மருந்து கட்டும் தோட்டத்து டிரஸ்ஸரிடம் போனால் அவர் ஊசியை எடுத்தார். எனக்கு ஊசி என்றால் உயிர் போகும். கொதிக்க வைத்த பாத்திரத்திலிருந்து அவர் அதை எடுப்பதைப் பார்த்ததும் பின்பக்கமாக ஓடி, நேரே சன்னாசி வீட்டுக்குப் போனேன். "நாகம் கடிச்சிருச்சு" என்றேன். அவர் நல்ல மனுஷன். அம்மாவிடம் கற்ற பச்சிலையை அரைத்துக் கட்டினார். டிரஸ்ஸர் தேடி வந்தபோது, "ஊசி குத்தினா எல முறிஞ்சிரும், ஐயா" என்று நான்தான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் தோன்றியது. எட்டு நாள் லீவு கிடைத்தது.

பொய் அத்தோடு படுத்துக்கொள்ளவில்லை. சன்னாசியிடம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாரை கடித்தவன் பிழைத்தான், தண்ணிப்பாம்பு கடித்தவள் பிழைத்தாள், பூரான் கடித்தவன்கூடப் பிழைத்தான். எல்லாரும் பிழைத்தார்கள். பிழைக்காமல் என்ன செய்வார்கள்? நிலைமை மோசமானவர்களை வீட்டார் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவர்கள் சன்னாசியின் கணக்கில் சேரவில்லை.

போன வருஷம் ராஜுவை, செம்பனைக் குலை வெட்டப் போன இடத்தில், பகல் மூன்று மணிக்குக் கடித்தது. இலை கட்டிக் காத்திருந்தார்கள். நாக்கு குழறிய பிறகு, இரவு ஏழரைக்குக் காரில் ஏற்றினார்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் இறந்துபோனான். காத்திருந்த நாலரை மணி நேரம் யார் கண்ணிலும் படவில்லை. ஊசி கடைசியாக வந்தது. கடைசியாக வந்ததுதான் கண்ணில் நின்றது. சாவு வீட்டில் அவன் மனைவி செல்லாயி என்னைப் பார்த்துக் கேட்டது: "அண்ணே, நீங்க அன்னைக்கு ஊசி போடாமத்தானே பொழச்சீங்க?"

நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் வேறு எதை ஆட்டுவது?

ஆகவே, ஐந்து இருபத்தைந்துக்கு, கொட்டகையில் எல்லாருக்கும் நடுவில், வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொல்வதென்று எழுந்தேன்.

தினேஸ்வரி அப்போது கெஞ்சிக்கொண்டிருந்தாள். "மச்சான், நேரத்துக்கு வந்தவங்க பொழைச்சிர்றாங்க. எங்க வார்டுல எத்தனையோ பேரப் பார்த்திருக்கேன் மச்சான்."

"அந்த எத்தனையோ பேரு யாருன்னு எனக்குத் தெரியாது தினேஸ். ராமசாமி மாமாவத் தெரியும். ராஜுவத் தெரியும். ஒருத்தர் ஊசி போடல, இந்தா நிக்கிறாரு. ஒருத்தரு போட்டாரு, போய்ட்டாரு. நான் எதப் பார்த்து முடிவு பண்றது?"

"என்னைப் பார்த்து முடிவு பண்ணாதடா," என்றேன். "என்னைப் பாம்பு கடிக்கவே இல்ல."

காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

"மங்குக் கம்பி குத்துச்சு. ஊசிக்குப் பயந்து ஓடினேன். எல முறியும்னு சொன்னது நான் கட்டிவிட்டது. முனியாண்டி சத்தியமா."

ஜெயபாலன் என்னைப் பார்த்தான். அவன் எட்டு வயதில் எங்கள் லயத்துக்கு வந்து, வாயைத் திறந்தபடி என் காலைப் பார்த்தவன். நெற்றியில் வியர்வை ஊற்ற, கொஞ்சம் சிரித்தான்.

"பயந்துட்டீங்க மாமா. எனக்கு ஒண்ணு ஆயிட்டா ஒங்களச் சொல்லுவாங்கன்னு பயம். அதான் இப்பப் பொய் சொல்றீங்க."

"டேய், இதுதான்டா உண்மை!"

"கம்பி எப்படி மாமா சரியா பாம்புப் பல்லு அளவுல ரெண்டு எடத்துல குத்தும்? நீங்கதான அளந்து காட்டுனீங்க?"

அளந்து காட்டியிருந்தேன். காப்பிக் கடையில், தீக்குச்சியை வைத்து.

அந்த நேரத்தில் சன்னாசி இலையை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். எண்பத்தொரு வயது. எனக்கு உயிர் வந்தது. அவருக்குத்தான் தெரியும், அன்று நான் போனபோது கையில் பாம்பும் இல்லை, சாட்சியும் இல்லை.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நீங்க பாம்பப் பார்த்தீங்களா?"

சன்னாசி வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"பார்த்தேனே," என்றார். "நீ பயத்துல மறந்துட்ட, ராமசாமி. என் வீட்டுக் கோழிக் கூண்டு வரைக்கும் ஒன்னத் தொரத்திக்கிட்டு வந்துச்சு. படமெடுத்து நின்னுச்சு. நான்தான கம்பால தூக்கிக் காட்டுக்குள்ள போட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் அந்தப் பாம்பு நின்றது. முப்பத்தெட்டு வருஷமாக நான் சொல்லச் சொல்ல அது அவருக்குள்ளே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. கோழிக் கூண்டு எனக்கே புதுசு.

"பார்த்தீங்களா மாமா," என்றான் ஜெயபாலன்.

கைப்பேசியில் தினேஸ்வரி அழ ஆரம்பித்தாள். "அக்கா, கண் இமை எறங்குதா பாரு. எச்சில் முழுங்கச் சொல்லு."

புஷ்பலதா குனிந்து பார்த்தாள். "வலது கண்ணு கொஞ்சம் தூங்கற மாதிரி இருக்கு."

மணி ஐந்து ஐம்பது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் வந்து என்ன செய்யும்? நூற்றுப் பத்து கிலோ மனிதன், சுயநினைவோடு, வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான். பிடித்து அமுக்கினால் திமிறுவான். திமிறினால் விஷம் ஓடும். அவனாக எழுந்து வரவேண்டும். அவனாக நம்பவேண்டும். நானோ கையிலிருந்த ஒரே உண்மையைச் செலவழித்துவிட்டு நிற்கிறேன்.

சன்னாசி துணியை விரித்தார். அப்போதுதான் நான் எனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பினேன்.

நாற்காலியை இழுத்து ஜெயபாலன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்தினேன். குரலைத் தாழ்த்தினால் சனங்கள் கிட்டே வருவார்கள்.

"சரிடா. இத்தன வருஷம் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. சன்னாசி அண்ணன் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கினாரு. அதான் இப்பக்கூட ஏதேதோ ஒளறிப் பார்த்தேன்."

எல்லாரும் கிட்டே வந்தார்கள். சன்னாசியும் வந்தார்.

"அன்னைக்கு எல கட்டினதும் விஷம் முழங்கால்ல நின்னுச்சு. எறங்கல. அண்ணன் என்ன சொன்னாருன்னா, ராமசாமி, எல விஷத்தப் புடிச்சு வைக்கும். வெளிய தள்றதுக்கு ஊசி வேணும். ஆனா வெளக்கு வைக்கறதுக்கு முன்ன குத்திரணும். பொழுதிருக்கும்போது குத்தினா ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கும். வெளக்கு வச்சப்புறம் குத்தினாத்தான் எல முறியும். நான் டிரஸ்ஸர்கிட்டப் போயி நாலு மணிக்கு ஊசி போட்டுக்கிட்டேன்டா. வெளிய சொல்லிக்க வெக்கம்."

நான் மூச்சை விட்டு, கடைசிச் செங்கல்லை வைத்தேன்.

"ராஜுவ எத்தன மணிக்குக் கொண்டு போனாங்க?"

புஷ்பலதாதான் முதலில் சொன்னாள். "ஏழரை. நல்லா இருட்டிருச்சு."

"ஆமா," என்றது ஒரு குரல். "இருட்டிருச்சு." இன்னொரு குரல், "அதான் முறிஞ்சிருக்கு!" கொட்டகை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. ஒரு வருஷமாக அவர்களுக்கு விளங்காதது விளங்கிவிட்டது.

ஜெயபாலன் சன்னாசியைப் பார்த்தான். என் பிழைப்பும் அவன் பிழைப்பும் அந்தக் கிழவர் வாயில் இருந்தன. சன்னாசி கண்ணை மூடினார். நான் முனியாண்டியை வேண்டிக்கொண்டேன். புல்டோசர் விஷயத்தில் அவருக்கு என்மேல் கொஞ்சம் நன்றி இருக்கும்.

"சொன்னேன்," என்றார் சன்னாசி, மெதுவாக. "எங்கம்மா சொன்னது. எனக்கே மறந்துபோச்சு."

"எல கட்டுங்க அண்ணே, சீக்கிரம்," என்றான் ஜெயபாலன். "புஷ்பா, வெளக்கு வைக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு மணி நேரம் இருக்குங்க!"

"அப்ப என்னா பார்த்துக்கிட்டு நிக்கிற? கார எடு!"

ஆம்புலன்ஸ் எதிரே வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று தினேஸ்வரி சொன்னாள். அது வரும் வழியும் நாங்கள் போன குறுக்கு வழியும் வேறு வேறாக இருந்தன. புஷ்பலதா ஓட்டினாள். பின் இருக்கையில் அவன் கால் அசையாமல் நான் பிடித்துக்கொண்டேன். லகாட் சாலைக்கு ஏறும்போது மணி ஆறு பத்து. அவனுடைய இரண்டு இமையும் பாதி இறங்கியிருந்தன. பேச்சு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

மெங்லெம்பு வருவதற்குள் மழை மேகம் கவிந்தது. ஈப்போ மழையைப் பற்றி நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். அன்று அது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருப்பித் தந்தது. வானம் சட்டிக்கரியானது. வாகனங்கள் ஊர்ந்தன. ஆறரைக்கு, ஏதோ தானியங்கியாம், சாலை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்தன.

ஜெயபாலன் விரலால் இமையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"வெளக்கு... வச்சாச்சு," என்றான். "திருப்பு புஷ்பா. கார... திருப்பு."

"மாமா!" என்றாள் புஷ்பலதா. அவள் கால் பிரேக்கில் இருந்தது. அவளும் நம்புகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"திருப்பாத!" என்றேன். "இது முனிசிபல் வெளக்கு. முனிசிபல் வெளக்கு கணக்குல வராது."

"ஏன்... வராது?"

என் ஆயுளில் அவ்வளவு வேகமாக யோசித்ததில்லை. "எண்ணெய் இல்லடா. திரி இல்ல. யாரு கையும் படல. வெளக்குன்னா சாமி வெளக்கு. இது வெறும் கரண்டு."

அவன் யோசித்தான். யோசிக்கும்போது மூச்சு சுருக்குச் சுருக்கென்று இழுத்தது. தலை மெல்ல அசைந்தது.

"சரி," என்றான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. மூச்சுக்கு மூச்சு அவன் மார்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுந்தது. இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அடுத்தது வருமா என்று பார்த்தேன். அவனுக்கு மட்டுமல்ல, நான் ராஜுவுக்கும் சேர்த்து எண்ணினேன்.

ஆறு ஐம்பதுக்கு அவசரப் பிரிவில் இறக்கினோம். புஷ்பலதாவின் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்த டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருந்து ஏறியது. மூச்சுக் குழாய் போட்டார்கள். மூன்றாம் நாள் அவன் கண்ணைத் திறந்தான். கணுக்காலில் கொஞ்சம் சதை போயிற்று. ஆள் இருக்கிறான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முடிந்துபோன பொய்யை யாரிடமும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.

ஐந்தாம் நாள் ஜெயபாலன் வார்டில் படுத்தபடியே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். சுங்கை லாடா பழைய நண்பர்கள் குழு, கோயில் குழு, லாரி ஓட்டுநர் குழு, புஷ்பலதாவின் தையல் குழு. "சன்னாசி அண்ணன் எலயும் ஊசியும் சேந்து என்னக் காப்பாத்துச்சு. ஞாபகம் வச்சுக்குங்க, வெளக்கு வைக்கறதுக்கு முன்ன போயிரணும். பாவம் ராஜு அண்ணனுக்கு இது தெரியாமப் போச்சு."

மறுநாள் காலையில் தினேஸ்வரி என்னைக் கூப்பிட்டாள். "அங்கள், ராத்திரியில கடிச்சா என்னா பண்ணுவாங்க? வெளக்கு வச்சாச்சுன்னு வீட்டுலயே படுத்துக்குவாங்களா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நானும் ஒரு பதிவு போட்டேன். ராத்திரியில் கடித்தால் இலை பக்கமே போகக்கூடாது, நேராக ஊசிக்குப் போகவேண்டும், இதுவும் சன்னாசி அண்ணன் அம்மா சொன்னதுதான் என்றேன். இருபது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நிலைமை கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் செல்லாயி என்னை வரச் சொல்லியிருந்தது. தாமானில் கடைசி வரிசை வீடு. போய்ச் சேரும்போது மணி ஏழு. மற்ற வீடுகளில் எல்லாம் சாமி அறை வெளிச்சம் தெரிந்தது. இந்த வீடு மட்டும் இருட்டாக இருந்தது. செல்லாயி வாசலிலேயே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது.

"ஜெயபாலன் பேசினதக் கேட்டேன், அண்ணே."

"ம்."

"அன்னைக்கு ஆறரைக்கு எங்க வீட்டுக்காரரு, கார்ல ஏத்துங்கன்னு கேட்டாரு. நான்தான், வெளக்கு வச்சிட்டுப் போலாம், சாமி கும்பிட்டுட்டுப் போலாம்னேன்." செல்லாயி அழவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னது. "நான் அந்த வெளக்க வைக்காம இருந்திருந்தா எல முறிஞ்சிருக்காது. என் கையால வச்சிட்டேன்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"செல்லாயி, கேளு. வெளக்குக்கும் அவன் செத்ததுக்கும் சம்பந்தம் இல்ல. நான் கார்ல ஏத்துறதுக்காகச் சொன்ன பொய் அது. எலயும் பொய். என்னைப் பாம்பும் கடிக்கல. ராஜு மூணு மணியிலேர்ந்து காத்திருந்தான் பாரு, அதுதான். அதுவும் என்னாலதான். சாவு வீட்டுல நீ கேட்டப்ப நான் தலைய ஆட்டினேன். அதுவும் பொய்."

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீடு, கம்பி, டிரஸ்ஸர், எட்டு நாள் லீவு. குரலைத் தாழ்த்தவில்லை. எதையும் கூட்டவில்லை. செல்லாயி கடைசி வரை கேட்டது. கேட்டுவிட்டு, என் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தது.

"எனக்கு ஆறுதலுக்காக எவ்வளவு பெரிய பொய்யெல்லாம் சொல்றீங்க அண்ணே. ஒங்க மேலயே பழியப் போட்டுக்கிட்டு. நல்ல மனசு ஒங்களுக்கு."

"இல்ல செல்லாயி..."

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

இருட்டிலேயே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கொசு கடித்தது. மணி ஏழே முக்கால் ஆகியிருக்கும்.

"வெளக்காவது வையி," என்றேன்.

"நேத்துலேர்ந்து எட்டு மணிக்கு மேலதான் வைக்கிறேன், அண்ணே," என்றது செல்லாயி. "இந்நேரம் எங்கயாச்சும் யாரையாச்சும் கடிச்சிருக்கும். அவங்க மொதல்ல ஆஸ்பத்திரி போய்ச் சேரட்டும்."